அம்மனுக்கு விட்ட மான்கள்

எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பெரிய பொட்டலில் எதுவும் விளையாது. குன்னம் பக்கம் முழுக்கக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று எதைப் போட்டாலும் மழையை நம்பி வந்துவிடும். இந்தப் பொட்டலில் மட்டும் மேலே சுக்கான் கல், அடியில் அதைவிடக் கெட்டியான சுக்கான் கல். கலப்பை உடைந்ததுதான் மிச்சம் என்று பாட்டன் காலத்திலேயே கைகழுவிவிட்டார்கள். மழை பெய்தால் முழங்கால் உயரம் புல் வரும், மாசியில் காயும், ஆடு மேயும். அதன் சரித்திரம் அவ்வளவுதான்.

அந்த இடத்தில் மான் விடப்போகிறோம் என்று ஆனி ரோஸ் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தெரிந்த மான் வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் ரோட்டைக் கடக்கும் புள்ளிமான். இவள் சொன்னது வெளிமான். ஆண் கறுப்பாக, திருகின கொம்போடு இருக்குமாம். பெட்டை மண் நிறமாம். மரம் அடர்ந்த இடம் அதற்கு ஆகாது, வெட்டவெளிதான் வேண்டும். தூரத்திலேயே ஆளைப் பார்த்துவிட்டு ஓட்டம் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு தற்காப்பு தெரியாது. ஒரு காலத்தில் இந்தச் சீமை முழுக்க மந்தை மந்தையாக இருந்ததை வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள் என்றாள். யார் தீர்த்தது என்று கேட்டேன். நம்ம தாத்தாக்கள்தான் அண்ணே, எங்க தாத்தா துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது என்று கூசாமல் சொன்னாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் வரதராஜன்பேட்டைக்காரி. வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். இவளும் கொஞ்சகாலம் பாடம் எடுத்துவிட்டு, கைநிறையச் சம்பளம் வரும் வேலையை உதறிவிட்டு, காட்டுயிர்களைக் காப்பாற்றும் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்தவள். அன்றிலிருந்து அவள் அப்பா ஆரோக்கியசெல்வம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அசோக், குட்டியானை ஓட்டுகிறவன். சின்ன லோடு வண்டியைத்தான் அப்படிச் சொல்வோம். தண்ணீர் கொண்டுபோக, கல் ஏற்ற என்று என் வண்டியைத்தான் அவள் வைத்துக்கொண்டாள். பழைய வேலையை வைத்து நான் டீச்சர் என்று கூப்பிடுவேன். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பொட்டலை சோலார் தகடு பதிக்கக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் அங்கே இங்கே மன்றாடி ஒரே ஒரு கோடைவரைக்கும் தவணை வாங்கியிருந்தார்கள். விடப்படும் மான்கள் காட்டு மான்களாகவே நிலைத்து, இந்த மண்ணில் ஒரு குட்டியாவது பிறந்து, கோடையைத் தாண்டிவிட்டால் பொட்டல் பொட்டலாகவே இருக்கும், இன்னும் மான்கள் வரும். இல்லையென்றால் தகடு. ஆனி ரோஸுக்கு அந்த ஒரு குட்டிதான் எல்லாம்.

ஊர்க்கூட்டத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து சோளக்காட்டைச் சுற்றிப் பழைய சேலையெல்லாம் கட்டி வைத்திருக்கிறோம், பெண்டுகள் கட்டிக்கொள்வதைவிடக் காட்டில் கட்டியதுதான் அதிகம், இதில் மான் வேறா என்று கேட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், விடுங்க, கலந்து வைக்கக் குருணை விஷ மருந்து கடையில் கிடைக்காமலா போகும் என்றான். ஆனி ரோஸின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் கலியம்மாள் எழுந்தாள். எனக்கு அத்தை முறை. புருஷன் போனபிறகு தனி ஆளாகக் காட்டைக் கட்டி ஆளுகிறவள். பொட்டலை ஒட்டி இருப்பது அவள் காடுதான். மான் வந்தால் முதல் வாய் அவள் சோளத்தில்தான்.

"அம்மனுக்கு உட்டுட்டா என்ன?" என்றாள். "அப்பறம் எவன் கம்பத் தூக்குவான்?"

எங்கள் ஊரில் நோய் தீர்ந்தால், வேண்டியது நடந்தால், ஒரு கன்றைச் செல்லியம்மனுக்கு என்று விட்டுவிடுவோம். அது யார் காட்டில் வேண்டுமானாலும் மேயலாம். கட்டமாட்டோம், விற்கமாட்டோம், அடிக்கமாட்டோம். பயிரில் இறங்கினால்கூட, அம்மா, அந்தப் பக்கம் போம்மா என்று கெஞ்சித்தான் திருப்புவோம். அம்மன் பெயரைச் சொன்னபிறகு மறுத்துப் பேச அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனி ரோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வேலி போட்டுக் காவல் வைத்தாலும் வராத பாதுகாப்பு ஒரு வார்த்தையில் வருகிறது, விடுவாளா? சரி என்றாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆவணி மழை பெய்து புல் தலையெடுத்ததும், அறக்கட்டளை வளர்த்துவந்த இடத்திலிருந்து மான்கள் மரக்கூண்டுகளில் வந்தன. ஒரு ஆண், ஏழு பெட்டை. ஊரே பொட்டலில் நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தார். எங்கள் பக்கம் சாமிக்கு விடுகிற உயிருக்கும் இந்தத் தண்ணீர்தான், சாமிக்கு வெட்டுகிற உயிருக்கும் இந்தத் தண்ணீர்தான். தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் உத்தரவு இல்லை.

கூண்டின் இடுக்கு வழியாகப் பூசாரி தெளித்தார். அந்தக் கறுப்பு ஆண்மான் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு உதறு உதறியது. அடுத்தடுத்த கூண்டுகளில் பெட்டைகளும் உதறின. பெண்கள் குலவையிட்டார்கள். கலியம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு அழுதாள். என் பக்கத்தில் நின்ற ஆனி ரோஸ் மட்டும் மெதுவாக, "பயத்துல உதறுதுண்ணே" என்றாள். வேறு யார் காதிலும் விழவில்லை. நான் சிரித்தேன்.

அதற்குப்பிறகு வந்த மாதங்களைப்போல என் வாழ்க்கையில் வேறெதுவும் வரவில்லை. தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் ஊற்றப் போவேன். வண்டியை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினாலும் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளி எழும். புல்லுக்குமேல் கால் படாமல் போவதுபோலத்தான் இருக்கும் அந்த ஓட்டம். கண்ணை மூடித் திறப்பதற்குள் பொட்டலின் அந்தக் கோடியில் நிற்கும். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று நினைத்த இடம் எதற்காக இப்படி விரிந்து கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கதவை மெல்லச் சாத்துங்கள் என்று ஆனி ரோஸ் கடிந்துகொள்வாள். சில நாள் வேண்டுமென்றே ஓங்கிச் சாத்துவேன். அவை ஓடுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

ஊரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கலியம்மாள் பொட்டலைப் பார்த்த பக்கம் கட்டியிருந்த சேலையையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். சோளத்தில் கொஞ்சம் கடித்தன, யாரும் முணுமுணுக்கவில்லை. நாய்களை ஊர்க்காரர்களே கட்டிப்போட்டார்கள். மார்கழியில் இரண்டு பெட்டைகள் சினை, வயிறு இறங்கியிருக்கிறது என்று ஆனி ரோஸ் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்துக் காட்டினாள். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாளாம். அவர் எதுவும் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை என்றாள்.

தையில் சோளம் அறுப்பு. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. களத்தில் அடித்த முதல் முறம் தானியம், சாமிக்கு விட்ட உயிருக்கு. அது தின்ற பிறகுதான் மூட்டை வீட்டுக்கு வரும். கலியம்மாளுக்கு அந்த வருஷம் விளைச்சல் அள்ளிக்கொடுத்திருந்தது. முறத்தை ஏந்திக்கொண்டுபோய்ப் பொட்டலின் ஓரத்தில் கொட்டிவிட்டு, வெறும் முறத்தைக் கையால் தட்டி, வாம்மா, வாம்மா என்று கூப்பிட்டாள். மான்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் விடவில்லை. நாள் தவறாமல் போனாள். முதலில் ஒரு பெட்டை மோந்து பார்த்தது. அப்புறம் எல்லாம் வந்தன.

ஆனி ரோஸ் பதறிவிட்டாள். கால்நடை டாக்டர் மணிமாறனையே அழைத்துவந்து கலியம்மாளின் களத்தில் உட்காரவைத்துப் பேசச் சொன்னாள். இது புல்லுக்கென்று இருக்கிற வயிறு, தானியம் மொத்தமாக விழுந்தால் உள்ளே புளித்து உயிரை எடுத்துவிடும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். கலியம்மாள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக்கு வயிறுமுட்டப் பொங்கல் ஊட்டுகிறோமே, எந்த மாடு செத்தது என்று கேட்டாள். பழனிவேலின் பசு அப்படித்தான் செத்தது. ஊருக்கே தெரியும். கண்பட்டுவிட்டது என்று அன்றைக்கு முடித்துவிட்டார்கள்.

"அதுக்குக் குடுக்காம நான் எப்படிப் பாப்பா வூட்டுக்கு மூட்டைய எடுத்துட்டுப் போறது?" என்று ஆனி ரோஸைக் கேட்டாள் கலியம்மாள். "நீயே சொல்லு."

ஆனி ரோஸ் டாக்டரைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஒருத்தியோடு நின்றிருந்தால் மான்கள் தப்பித்திருக்கும். கலியம்மாளுக்கு விளைந்தது மான் தின்றதால் என்று பேச்சுக் கிளம்பியது. ஊரில் ஒவ்வொரு வீட்டு முறமும் பொட்டலுக்குப் போனது. அடுத்த ஊர்களிலிருந்து வந்தார்கள். அரியலூரிலிருந்து காரில் வந்தார்கள். குழந்தையில்லாதவர்கள் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்கள். தா.பழூரிலிருந்து ஒரு குடும்பம் நெல் மூட்டையோடு வந்து இறங்கியது. ஆனி ரோஸ் பலகை எழுதி நட்டாள். பலகைக்குப் பொட்டு வைத்தார்கள். கோயில் மைக்கில் பேசினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் இந்தப் பக்கம் நிற்கும்போது அந்தப் பக்கம் போய்க் கொட்டினார்கள். பாவம், வேதக்காரப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும் என்று அவளுக்காகவும் உச்சுக்கொட்டினார்கள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நம் ஆட்களுக்கு ஒரு உயிரை விரட்டத் தெரியும், இல்லையென்றால் ஊட்டத் தெரியும். சும்மா விடுவது மட்டும் தெரியவே தெரியாது. குருணை வைப்பேன் என்று சொன்னவனே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மல்லுக்கு நின்றேன். அம்மனுக்குக் குறுக்கே நிற்கிறாயா என்று கேட்டான். என் மனைவி சுவாதி அன்றைக்கு மாலை என்னிடம் பேசவில்லை. அவளும் ஒரு முறம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மாசித் திருவிழாவன்று ஆனி ரோஸ் பொட்டலுக்குப் போகும் வழியில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன், உங்கள் கையாலேயே கொன்றுவிடாதீர்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். நான் வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். கூட்டம் எங்களைத் திட்டவில்லை, தள்ளவில்லை. ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள். தட்டிய முறங்களின் சத்தம் கேட்டு, ஆளைக் கண்டால் பறந்த மான்கள் கூட்டத்தை நோக்கி ஓடிவந்தன.

மறுநாள் காலையில் ஆண்மான் சோளக் குவியலுக்குப் பக்கத்திலேயே காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை. மணிமாறன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மருந்து புகட்டிப் பார்த்தார், ஊசி போட்டார், வயிற்றில் குத்திப் பார்த்தார். பொழுது ஏறுவதற்குள் அது போய்விட்டது. அடுத்தடுத்து பெட்டைகள் விழுந்தன. வயிறு இறங்கியிருந்த இரண்டில் ஒன்றும் விழுந்தது. அதன் தலையைக் கலியம்மாள்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். பொய்யழுகை இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

அது அடங்கியதும் ஆனி ரோஸ் எழுந்துநின்று, இப்போதாவது தெரிகிறதா அம்மா என்று கேட்டாள். கலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம என்ன பாப்பா. அன்னைக்கே சிலுத்துக்கிச்சே. அவ கேட்டா, அது சரின்னுச்சு, எடுத்துக்கிட்டா. நம்ம கையில என்ன இருக்கு?"

செத்த மான்களை டாக்டர் சொன்னபடி குழிவெட்டிப் புதைத்தோம். மறுவாரம் அந்த இடத்தில் சுடுமண் மான் ஒன்று வந்து நின்றது. அதற்கு முன்னாலும் சோளம் கொட்டினார்கள். ஆடுகள் தின்றன.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. சினையாக இருந்த இன்னொரு பெட்டை. குவியலிலிருந்து மற்றவை அதை முட்டித் தள்ளியதால் கொஞ்சமாகத்தான் தின்றிருந்தது. தனியாகப் பொட்டலில் நிற்கும். முறச் சத்தம் கேட்டால் ஊருக்குள்ளேயே வந்துவிடும். குட்டியோடு அதையாவது காப்பாற்றிவிடலாம், வளர்ந்த இடத்துக்கே கொண்டுவந்துவிடு என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். அப்படிக் கொண்டுபோனால் பொட்டல் போய்விடும். ஆனி ரோஸ் அதைப்பற்றிப் பேசவே இல்லை. உயிர் தப்பினால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தாள்.

வண்டியில் மூங்கில் தட்டி கட்டிக்கொண்டு காலையில் போனோம். வலை கொண்டுபோயிருந்தோம். தேவைப்படவில்லை. பலகையைச் சாய்த்துவைத்து, முறத்தில் ஒரு பிடி சோளத்தைப் போட்டு, ஆனி ரோஸே தட்டினாள். அது வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக நடந்துவந்து வண்டியில் ஏறியது.

"நானே தட்டிக் கூப்பிட வேண்டியதாப் போச்சுண்ணே" என்றாள். முறத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊரைவிட்டு வெளியே போக அம்மன் கோயிலைத் தாண்டித்தான் வழி. கோயில் முன்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். கலியம்மாளின் கையில் சொம்பு. யாருக்கும் கோபமில்லை. நிறுத்தினேன்.

"அவளுக்கு உட்டது. அவ உத்தரவு குடுத்தா கூட்டிட்டுப் போ பாப்பா, நாங்க மறிக்கமாட்டோம்" என்றாள்.

ஆனி ரோஸ் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை வந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு எட்டு மானும் அந்தத் தண்ணீர் பட்டதும் உதறினவைதானே. தெளியுங்கள் என்றாள்.

தட்டியின் இடுக்கு வழியாகக் கலியம்மாள் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். எல்லாரும் பார்த்தோம். மான் முகத்தில் வழிந்த தண்ணீரை நக்கியது. சும்மா நின்றது. இன்னொரு தடவை என்றாள் ஆனி ரோஸ். முதுகில் நிறையவே ஊற்றினாள் கலியம்மாள். அது மூக்கை நீட்டி அவள் உள்ளங்கையில் சோளம் இருக்கிறதா என்று தேடியது.

நான் இறங்கி வண்டிக் கதவை என் பலம்கொண்டமட்டும் ஓங்கிச் சாத்தினேன். வண்டியே ஆடியது. பொட்டலின் மறுகோடிவரைக்கும் மந்தையை விரட்டிய சத்தம் அது. மான் காதைக்கூடத் திருப்பவில்லை. மறுபடி திறந்து மறுபடி சாத்தினேன். போதும்ணே என்றாள் ஆனி ரோஸ்.

உத்தரவு இல்லை என்று பூசாரி சொன்னார். பெண்கள் வண்டிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. பொறுமையாக, ஏதோ நல்ல காரியத்துக்கு வந்தவர்களைப்போல உட்கார்ந்தார்கள். ஆனி ரோஸ் ஆபீசுக்குப் போன் செய்தாள். கோயில் விஷயம், ஊரோடு பகைத்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு நாள் ஆட்களோடு வரலாம் என்றார்கள். இன்னொரு நாள்வரைக்கும் அது இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பின்பலகையை நான்தான் இறக்கினேன். ஆனி ரோஸ் அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கலியம்மாள் அவள் கையிலிருந்த முறத்தை மெல்ல வாங்கிக்கொண்டு, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத பாப்பா. இத்தன பேரு இருக்கோம். வயித்துப்புள்ளக்காரிய பட்டினி போட்டுருவமா?"

முறத்தைத் தட்டிக்கொண்டு நடந்தாள். மான் அவள் பின்னால் போனது. ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க, ஊர் எல்லைவரைக்கும், மக்காச்சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். மான் அங்கே நின்று தலையைக் குனிந்தது. யாரும் அதை விரட்டவில்லை.